முந்திச்சொல்லி

குளிராநேரிக்கு மூன்று கிலோமீட்டர் முன்பாக ஒரு மொட்டைப் புளியமரம் வரும். அதைத் தாண்டியதும் கண்டக்டர் பேச்சை நிறுத்திவிட்டு விசிலை வாயில் கவ்விக்கொள்வார். அதற்குப் பிறகு இறங்க வேண்டியவர்கள் கம்பியில் விரலால் தட்டுவார்கள், ஏறுகிறவர்கள் ஊர்ப்பெயரைக் காதோடு சொல்லுவார்கள், அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தையின் வாய்க்கு எங்கிருந்தோ ஒரு பிஸ்கட் வந்து சேரும். மேற்கே மலை நிற்கும், ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்க யாரைக் கேட்டது என்று தோன்றும்படி.

கலியபெருமாள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்தார். கவனிப்பது அவருடைய தொழில். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு லெவல் கிராஸிங்கில் முப்பத்தொரு வருடம் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இறக்கிய கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைக்கிறவனையும், ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு குனிகிறவளையும் “போவாத, போவாத” என்று தடுத்துத் தடுத்து, அந்தச் சொல் அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி ஆகியிருந்தது. தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள் தையல்நாயகிக்கும் அப்பாவிடமிருந்து அதுவே கிடைத்தது. ஸ்கூல் டூருக்குப் போவாத. சிநேகிதி கல்யாணத்துக்குப் போவாத. இருட்டிக்கிட்டு வருது, கொல்லைப்பக்கம் போவாத. அவள் ஒவ்வொரு முறையும் நின்றாள். கால்நடை மருத்துவம் படிக்கக் கிளம்பியபோது மட்டும் அவர் டூட்டியில் இருந்தார், தடுக்க ஆளில்லாமல் போய்விட்டாள். இரண்டாவது தடவையாக, இருபத்தாறு வயதில், குளிராநேரி கால்நடை மருந்தகத்து வேலையைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டு, “நீங்க வந்து வீடு பாத்துக் குடுத்துட்டு வியாழக்கிழமை ஊருக்குப் போயிடணும்” என்றாள். பஸ்ஸில் தென்காசி தாண்டியதும் அவருடைய கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“இனிமே அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கப்பா.”

“எந்தச் சொல்லு?”

“உங்களுக்குத் தெரியும்.”

அவர் சத்தியம் செய்தார். அது ஞாயிற்றுக்கிழமை மாலை. திங்கட்கிழமை விடியும்போது மலை அவரைக் காட்டிக்கொடுத்தது.

மலைகள் நாம் கத்தினால் திருப்பிக் கத்தும். இது உலக வழக்கம், இதற்கு விளக்கமும் உண்டு. குளிராநேரி மலை நாம் கத்துவதற்கு முன்பே கத்திவிடும்; இது அந்த ஊர் வழக்கம், இதற்கு விளக்கம் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்குவதில்லை. அரசாங்க வரைபடத்தில் அதற்கு வேறொரு பெயர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் முந்திச்சொல்லி என்பார்கள். நாற்பத்தொரு வருடமாக, பனி விலகுகிற நேரத்தில், அடுத்த மூன்று நாளுக்குள் ஊரில் யார் யார் தொண்டை திறந்து என்னென்ன கத்தப்போகிறார்களோ அதை அவரவர் குரலிலேயே அது சொல்லி முடித்துவிடும். மெல்லப் பேசுவதை அது கண்டுகொள்வதில்லை. ஒரு காலேஜ் பேராசிரியர் கருவிகளோடு வந்து தங்கினார், முதல் நாள் விடியலில் அவருடைய குரல் “ஐயோ, என் செருப்பு!” என்று மலையிலிருந்து வந்தது. அன்று மத்தியானம் ஒரு நாய் அவருடைய இடதுகால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவர் சொன்னதைச் சரியாகச் சொல்லிவிட்டு, மற்றச் செருப்போடு பஸ் ஏறினார்.

ஊர் இதற்கேற்றபடி தன்னை மெல்ல மெல்லத் தைத்துக்கொண்டிருந்தது. காய்கறி விற்கிறவர் மணி ஆட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு முணுமுணுப்பாக ஓடியது. தேர்தல் நேரத்தில் வேட்பாளரின் பேச்சு காலையிலேயே முழுதாகக் கேட்டுவிட்டதால் மாலைக் கூட்டத்துக்கு மைக் செட்டுக்காரர் மட்டும் வந்திருந்தார். ஒரு நாள் மாரியப்பனின் குரல் விடியலில் அவன் மனைவியின் பிறந்த வீட்டை வரிசையாக ஏசியது; அவள் விளக்குமாற்றோடு எழுந்தாள். “ஏளா, நான் இன்னும் சொல்லவே இல்லியே” என்று அவன் கும்பிட்டான். “சொல்லிட்டு வாங்கினா என்ன, வாங்கிட்டுச் சொன்னா என்ன” என்று அவள் வேலையை முடித்தாள். எல்லாம் சிரிப்பதற்கு இல்லை. ஒரு பெண்ணின் குரல் “ஐயோ, என்னைய விட்டுட்டுப் போயிட்டீயளே” என்று வரும். அவளுடைய புருஷன் அப்போது கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருப்பான். அன்று ஊர் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோகும், தூரத்துச் சொந்தக்காரர்கள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவனும் என்ன செய்வான், வந்தவர்களுக்குக் காப்பி போடச் சொல்லுவான்.

அதனால் குளிராநேரியைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள், எவ்வளவு அமைதியான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது பயத்தின் அமைதி என்று யாரும் அவர்களைத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை கலியபெருமாள் வாடகை வீட்டு முற்றத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து ஒரு ஆணின் குரல், அடிவயிற்றிலிருந்து பிடுங்கி எறிந்த குரல் வந்தது.

“தையலூ… போவாதே!”

அவர் வாயில் இருந்த தண்ணீர் மார்பில் வழிந்தது. அது தன்னுடைய குரல் என்று தெரிவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மகளுக்கு ஆகவில்லை. அவள் தலையில் துண்டோடு வாசலுக்கு வந்தாள்.

“அப்பா, சத்தியம் பண்ணி ஒரு ராத்திரிதான் ஆவுது.”

“நான் வாயே தொறக்கலை தையலு.”

“பின்ன யாரு?”

அதற்குப் பதில் இட்லிக்கடை வெள்ளத்தாய் வீட்டில் கிடைத்தது. விடியலுக்கு முன் எழுந்து மாவு ஊற்றுகிறவள் என்பதால் நாற்பத்தொரு வருடக் குரல்களும் அவளுக்கு மனப்பாடம். பால் சொசைட்டியில் பால் அளக்கிற செண்பகராமன் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து, வெளியூர்க்காரருக்கு ஊர்த் தண்ணீர் எப்படி என்று சொல்வது போல, மலையின் பழக்கத்தைச் சொன்னார்கள்.

“எதுக்குக் கத்துவேன்?” என்றார் கலியபெருமாள். “எங்க போறப்போ கத்துவேன்?”

“அது தெரியாது அண்ணாச்சி,” என்றாள் வெள்ளத்தாய். “மலை சொல்லத்தான் செய்யும். சங்கதி சொல்லாது.”

தையல்நாயகி சிரித்தாள். “எனக்குத் தெரியும்மா. வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டுல இவங்க ஏறப்போறாங்க, நான் டியூட்டிக்குப் போறேன்னு திரும்புவேன், அப்பக் கத்துவாங்க. எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க.”

“வியாழன் வராது தாயி,” என்றார் செண்பகராமன் இட்லியைப் பிட்டுக்கொண்டே. “மூணு நாளுன்னா புதனோட முடிஞ்சிரும்.”

அவள் சிரிப்பு நின்றது. கலியபெருமாள் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். தன் குரலை அவர் நன்றாகக் கேட்டிருந்தார். அந்த மாதிரிக் குரல் அவரிடமிருந்து வாழ்நாளில் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் கேட்டுக்கு அடியில் குனிந்து போனவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

ஊரில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு, அதைச் சொல்கழிப்பு என்பார்கள். மலை சொல்லைத்தான் சொல்கிறது, சந்தர்ப்பத்தைச் சொல்வதில்லை. ஆகவே சந்தர்ப்பத்தை நாமே போட்டுக்கொடுத்துச் சொல்லைத் தீர்த்துவிடலாம் என்பது அவர்கள் தர்க்கம். காந்திமதி என்றொருத்தி “ஐயோ, என் தாலி!” என்று அலறுவதை ஒரு விடியலில் ஊரே கேட்டது. அவள் புருஷன் புத்திசாலி. அவள் தண்ணீர் இறைக்கும்போது பின்னால் வந்து தாலிக்கயிற்றை அறுத்துக் கிணற்றில் போட்டான். அவள் அலறினாள். வெள்ளத்தாய் காதைச் சாய்த்துக் கேட்டு “அதேதான்” என்றாள். அந்த ஆள் அதற்கப்புறம் பதினொரு வருடம் இருந்தான், கிணற்றைத் தூர்வாரின செலவைச் சொல்லிக் காட்டிக்கொண்டு.

அன்று மாலை சந்தைத் திடலில் கலியபெருமாளுக்குச் சொல்கழிப்பு வைத்தார்கள். தையல்நாயகியைக் கிழக்குப் பக்கமாக நடந்து போகச் சொன்னார்கள், அப்பா பின்னாலிருந்து கத்த வேண்டும். ஐம்பது அறுபது பேர் சத்தமில்லாமல் வட்டமாக நின்றார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி “தையலூ, போவாதே!” என்றார்.

வெள்ளத்தாய் உதட்டைப் பிதுக்கினாள். “இல்ல அண்ணாச்சி. காலையில அடிவயித்துல இருந்து வந்துச்சு. இது தொண்டையில இருந்து வருது.”

மறுபடியும் கத்தினார். “இது நாடகக்காரன் குரல்.” இன்னொரு முறை. “இது ரயில்வே கேட்டு மூடுத குரல்.” அவர் தொண்டை கட்டும்வரை கத்தினார், அந்த ஊரில் நாற்பத்தொரு வருடத்தில் ஒரே மாலையில் இவ்வளவு சத்தம் யாரும் போட்டதில்லை. அன்று காலை இந்தப் பொய்க்கத்தல் எதையும் மலை சொல்லவில்லை என்பதைக் கூட்டத்தில் யாரோ கவனித்து, ஒப்புக்குச் சொல்வதை மலை சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். செவ்வாய்க்கிழமை அவரை ஏமாற்றப் பார்த்தார்கள். செண்பகராமன் ஓடி வந்து “டாக்டரம்மாவ மாடு முட்டிட்டு” என்று காதில் சொன்னார். கலியபெருமாள் ஒரு சொல்லும் சொல்லாமல் மருந்தகம்வரை வெறுங்காலில் ஓடி, மகள் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கத்தணும்லா அண்ணாச்சி,” என்றார் பின்னாலேயே வந்த செண்பகராமன், குறைபட்டுக்கொண்டு. “நீங்க ஓடிட்டியளே.”

மகள் ஊசியை வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் குந்தினாள். முதல் நாள் கோபம் அவளிடம் இல்லை. இருந்தால் தேவலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“அப்பா, வேணுமுன்னா புதன் கிழமை லீவு போட்டுட்டு வீட்டுக்குள்ளயே இருந்துடறேன்.”

அதைத்தான் அவர் இரண்டு நாளாகக் கேட்க நினைத்திருந்தார். அந்த வாசகத்தை அவளாகச் சொன்னபோது, அவள் கண்ணில், டூருக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்தார்.

“லீவெல்லாம் வேணாம்,” என்றார். “நான் கத்தாம இருந்துடறேன்.”

இதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கத்துவதற்குக் காரணம் வந்தால்தான் கத்துவோம். கத்தாமலே இருந்துவிட்டால் காரணம் வந்திருக்க முடியாது. தர்க்கசாஸ்திரம் படித்தவர்கள் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளலாம், ஆனால் பயந்தவனுக்கு வேறு சாஸ்திரம் கிடையாது. புதன்கிழமை விடியலுக்கு முன்பே துண்டை மடித்து வாயைக் கட்டிக்கொண்டார். மலை அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. காப்பியைத் துண்டின் ஓரத்தைத் தூக்கிக் குடித்தார்.

எட்டு மணிக்குச் செண்பகராமன் வந்தார். கல்லாற்றுக்கு அக்கரையில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் பத்துப் பதினைந்து வீடு; அங்கே ஒரு பசு விடிந்ததிலிருந்து ஈன முடியாமல் கிடக்கிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. தையல்நாயகி பையை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அவர் தலையை அசைத்தார், போ என்று அல்ல, கூட வருகிறேன் என்று.

கல்லாறு முழங்காலளவுகூட இல்லாமல், அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. கடப்பதற்கு வரிசையாகப் பாறைகள் கிடந்தன, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாற்பது ஐம்பது எட்டு இருக்கும். வானத்தில் வெயில். மலை உச்சியில் மட்டும் கருப்பாக ஒரு மூட்டம், அதுவும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி சாதுவாக இருந்தது. தையல்நாயகி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பாறையில் கால் வைத்தாள். ஆண்கள் இருவரும் அவள் கடந்ததும் கடக்கலாம் என்று கரையில் நின்றார்கள்.

அவள் பாதியைத் தாண்டி நாலைந்து பாறை போயிருப்பாள். செண்பகராமன் தண்ணீரைப் பார்த்தார். அது தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் குச்சியும் சுழித்துக்கொண்டு வந்தன. மலையடியில் பிறந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: மேலே மழை கொட்டியாகிவிட்டது, அது கிளம்பியும் ஆகிவிட்டது. அவர் வாயைத் திறந்தார். நாற்பத்தொரு வருடமாகக் கத்திப் பழகாத தொண்டை. “தாயி, வெள்ளம், வெள்ளம்” என்று காப்பியை ஊதுகிற அளவுக்குத்தான் காற்று வந்தது.

கலியபெருமாளுக்கு ஆறு தெரியாது. ஆனால் அவருடைய உள்ளங்காலுக்கு ஒன்று தெரியும். ரயில் கண்ணில் படுவதற்கு முன்பு தரை எப்படி நடுங்கும் என்பது. கரை மண் அப்படி நடுங்கியது. மேலே திருப்பத்தில் இரைச்சல் கேட்டது. அவருடைய கை தானாகத் துண்டைப் பிடுங்கியது.

“தையலூ… போவாதே!”

வெள்ளத்தாய் அங்கே இருந்திருந்தால் “அதேதான்” என்று சொல்லியிருப்பாள்.

தையல்நாயகி நின்றாள்.

நடு ஆற்றைத் தாண்டி, ஒரு பாறையின் மேல், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருடம் நின்றது போலவே நின்றாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை, ‘சரிப்பா’ என்கிற களைப்பு இருந்தது. திரும்பி வருவதற்கு ஒரு காலை எடுத்தாள்.

அப்போதுதான் கலியபெருமாளுக்கு, மலை எதைச் சொல்லியிருக்கிறது என்று புரிந்தது. வெள்ளம் அவளைக் கொண்டுபோகப் போவதால் அந்தக் கத்தல் இல்லை. அந்தக் கத்தலால்தான் வெள்ளம் அவளைக் கொண்டுபோகப் போகிறது. முப்பத்தொரு வருடத்தில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு, வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தது: கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனை நில்லு என்று சொல்லு, தண்டவாளத்தில் பாதி போய்விட்டவனை ஒருக்காலும் நில்லு என்று சொல்லாதே. அந்தப் பாடத்தை மகள் விஷயத்தில் அவர் ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

“போ!” என்று கத்தினார். “போ தையலு! இங்க வராத, அங்குட்டு ஓடு! போ! போ!”

அவள் எடுத்த கால் அந்தரத்தில் நின்றது. அந்தச் சொல்லை அந்தக் குரலில் அவள் கேட்டதே இல்லை. அது என்ன சொல் என்று தெரிந்துகொள்ள ஒரு கணம் அவளுக்கு ஆனது. பிறகு ஓடினாள், பாறை பாறையாக, பை இடுப்பில் அடிக்க, கடைசி மூன்று பாறையை ஒரே தாவலாக. அவளுடைய பின்னால் வந்த கால் ஆற்றை விட்டுக் கரையேறவும், திருப்பத்தில் ஒரு பழுப்புச் சுவர், மரக்கிளையும் வேரும் செத்த முள்ளம்பன்றி ஒன்றுமாக, வந்து பாறை வரிசையை மூடவும் சரியாக இருந்தது.

அவர் அதற்குப் பிறகும் “போ, போ” என்று கத்திக்கொண்டே இருந்தார். செண்பகராமன் அவருடைய தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்போது மலை பேசியது. போ… போ… என்று, அவருடைய குரலில், அவர் சொல்லி முடித்ததற்குப் பின்னால், தாமதமாகவும் தேய்ந்தும், மற்ற மலைகளைப் போல. ஊரில் அதைக் கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். வெள்ளத்தாய் இட்லிக் கரண்டியோடு வந்தாள். நாற்பத்தொரு வருடத்தில் முன்னறிவிப்பில்லாமல் வந்த முதல் நிஜச் சத்தம் அது. சில பேர் பயந்துபோய்ப் பிள்ளைகளின் காதைப் பொத்தியிருந்தார்கள்.

அக்கரையில் தையல்நாயகி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஏதோ கத்தினாள், வெள்ளத்தின் இரைச்சலில் அது இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. மலைமேல் இருக்கிற வீடுகளைக் கையால் காட்டினாள். பசுவை நினைத்திருப்பாள். கலியபெருமாள் கையைத் தூக்கி, போ என்று ஆட்டினார். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனாள். தண்ணீர் வடிய மறுநாள் ஆகிவிடும் என்று யாரோ சொன்னார்கள்.

வெள்ளத்தாய் அவருக்கு எதிரில் குந்தினாள். கொஞ்சம் மனத்தாங்கலாகவே கேட்டாள்.

“அண்ணாச்சி, முதல்ல சொன்னது சரி. அது திங்கக்கிழமை வந்துச்சு, நான் கேட்டேன். அந்த ரெண்டாவது சொல்லு மலையில வரவே இல்லியே. அதெப்படி மலைக்குத் தெரியாமப் போச்சு?”

கலியபெருமாள் துண்டை உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார். “எனக்கே தெரியாதே.”